பெங்களூரில் குடிக்காத பேதி மருந்து

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்ல வெட்கம், அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளில், கல்யாணமான புதிதில், எனக்கு இரண்டு மாதமாகக் காய்ச்சல். மாரண்டஹள்ளியிலும் தருமபுரியிலும் போடாத ஊசியில்லை. காரணம் மட்டும் தெரியவில்லை. பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கதிர்வீசும் மருந்து ஒன்றை நரம்பில் ஏற்றினார்கள். நோய் ஒளிந்திருக்கும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளுமாம். மூன்றாம் நாள் படம் எடுத்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியுமாம்.

"அது குடல்லயும் தங்கும். படத்துக்கு முந்தின நாள் இதைக் குடிச்சு வயித்தைச் சுத்தம் பண்ணிடுங்க" என்று டாக்டர் பேதி மருந்து கொடுத்தார்.

தங்கியது பெங்களூரில் இருந்த மச்சான் வீட்டில். மாமியாரும் அங்கேதான். பத்துக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். புது மாப்பிள்ளை தண்ணீர் தூக்கக்கூடாது என்று, நான் எழுந்தாலே மாமியார் பக்கெட்டோடு முன்னால் நடப்பார்.

"கொஞ்சம் தள்ளுங்கம்மா, எங்க வூட்டு மாப்பிள்ளை போறாருங்க."

குழாயடிப் பெண்கள் மரியாதையாக ஒதுங்குவார்கள். (சாமி ஊர்வலத்துக்குக்கூட அப்படி வழிவிட்டு நான் பார்த்ததில்லை.) ஒரு தடவைக்கே உயிர் போகும். பேதி மருந்து குடித்தால் பத்து ஊர்வலம். பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன்.

"மருந்து குடிச்சீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சுங்க அத்தை."

படத்தில் என் வயிறு சீரியல் பல்பு போட்டதுபோல ஜொலித்தது. டாக்டர் முகம் மாறியது.

"வயித்துல சீழ் கட்டியிருக்கற மாதிரி இருக்கு. கிழிச்சுப் பாக்கணும். மருந்து குடிச்சீங்கல்ல?"

பக்கத்தில் மாமியார். தலையாட்டினேன். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கக் காகிதம் வந்தது. பேனாவைப் பிடித்ததும் கத்தி ஞாபகம் வந்துவிட்டது.

"சார்... குடிக்கலைங்க."

"ஏன்?"

"அத்தை தண்ணி தூக்கிட்டு வருவாங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. மாமியாருக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். வராந்தாவிலிருந்து சிரிப்பு கேட்டது.

ஆஸ்பத்திரியிலேயே எனிமா கொடுத்தார்கள். மறுநாள் படத்தில் வயிறு இருட்டு. நெஞ்சுக்குள் ஒரு புள்ளி மட்டும் மிச்சம். அங்கே துளி சதை எடுத்துப் பார்த்து, காசநோய் என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினேன். காய்ச்சல் ஓடியது. வயிற்றில் கத்தி படவில்லை.

ஆனால் என் சொல்லை எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு யாரும் நம்பியதில்லை. நேற்று தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, "ஆச்சுங்க" என்றேன்.

"எங்க, வாயைத் தொறங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். என் மனைவியும் மகளும் வரிசையில் வந்து நின்றார்கள்.

திறந்து காட்டினேன்.

ஆடி பதினெட்டு, 2003.