மேனேஜருக்குப் பிடித்த சக்கரம்

"உங்க உயரத்துக்கு இதுதான் சார் சரி," என்று ஒற்றைச் சக்கர சைக்கிள் ஒன்றைத் தட்டிக் காட்டினார் கடைக்காரர்.

"இதைவிடச் சின்னது இருக்கா?" என்றார் தலைமைக் குமாஸ்தா.

"சின்னதுல உட்கார்ந்தா முழங்கால் மோவாயில இடிக்கும்."

"இடிச்சா இடிக்கட்டும். எங்க மேனேஜரோடதைவிட என்னோடது பெரிசா இருந்தா நல்லாவா இருக்கும்?"

புது மேனேஜர் பதவியேற்ற அன்றே அவர் அறை மூலையில் அப்படி ஒரு சைக்கிள் சாய்ந்து நின்றது. உதவி மேனேஜர் நாற்காலியோ காலியாகக் கிடந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட தலைமைக் குமாஸ்தாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? முந்தைய மேனேஜருக்குச் சங்கீதம் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு, புல்லாங்குழல் ஊதிப் பழகி, பக்கத்து வீட்டாரைக் காலி செய்ய வைத்த மனுஷர் அவர்.

கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். சுவர் நின்றது, அவர் நிற்கவில்லை. சுவர்க்கடிகாரமும் துணைக்கு வந்தது. அடுத்து ஜன்னல் திரையைப் பற்றினார். அது கம்பியோடு கழன்று வந்து அவருக்கு முக்காடு போட்டது. கடைசியில் மனைவியின் கையைப் பிடித்தார். இருவருமாகச் சோபாவைத் தாண்டிப் போய் விழுந்தார்கள்.

"கல்யாணத்தன்னிக்குப் பிடிச்ச கை. மறுபடியும் இன்னிக்குத்தான் பிடிக்கிறீங்க. அதுவும் இதுக்கா?" என்று இடுப்பைத் தேய்த்தபடி எழுந்தாள் அவள்.

"பதவி வந்தா எல்லாம் சரியாயிடும்."

"விழுந்த பல்லுமா?"

அவர் மறுபடி சக்கரத்தில் ஏறினார். லீவு போட்டுப் பழகினார். லீவு தீர்ந்ததும், கோப்புகளைக் கிடப்பில் போட்டுவிட்டு ஆபீஸ் மொட்டைமாடியில் பழகினார். ஒருவழியாகச் சக்கரம் வழிக்கு வந்தது.

மறுநாள் காலை மேனேஜர் காரைவிட்டு இறங்கும் நேரம் பார்த்து, கேட்டிலிருந்து வாசற்படி வரை ஓட்டி வந்தார். "வண..." என்றபோது முழங்கால் மோவாயில் இடித்தது. "...க்கம் ஐயா!"

மேனேஜர் முகம் மலர்ந்தது. "பிரமாதம்! எப்பய்யா கத்துக்கிட்டீங்க?"

"வேலையையெல்லாம் ஒதுக்கி வெச்சிட்டு, இதே தியானமா இருந்தேங்க ஐயா!"

"பார்த்தாலே தெரியுது," என்று தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார் மேனேஜர்.

தலைமைக் குமாஸ்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கார் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம் போனார். "ஐயாவுக்கு என்ன சந்தோஷம் பார்த்தியா! அவர் என்னைவிட நல்லா ஓட்டுவாரு, இல்ல?"

"அவருக்கு ரெண்டு சக்கர சைக்கிளே வராது சார். எந்த ஆபீஸுக்குப் போனாலும் அந்த ஒத்தைச் சக்கரத்தை மூலையில சாய்ச்சு வெச்சுடுவாரு. யாரு கத்துக்கிட்டு வந்து நிக்கிறாங்களோ, அவங்களைத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்புவாரு."