ஒன்பது போத்தல் கறுப்பு

இனிமேல் பொஞ்சாதிக்குப் பயப்படுவதில்லை என்று ஸமீம் திடமாக முடிவெடுத்தான். முடிவெடுத்தபோது மஸாஹிரா வீட்டில் இல்லை. துணி வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். அவள் வீட்டில் இருக்கும்போது இவ்வளவு பெரிய முடிவெல்லாம் அவனுக்கு வராது.

பிரச்சினை ஓர் அலுமாரி. கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் இருக்கும் வீட்டின் ஹோலில் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி ஒன்றே ஒன்றுதான். அதற்குள் ஸமீமின் மைப் போத்தல்கள் இருந்தன. ஊற்றுப்பேனைக்கு விடுகிற மை. ஒன்பது போத்தல். ஒன்பதும் கறுப்பு. நீலம் கிடையாது, பச்சை கிடையாது. ஏன் என்று கேட்டால், "கலர் மை சேக்கிறது சின்னப் புள்ளைகள்ட வேல. கறுப்ப விளங்கத்தான் ஒரு கண் வேணும்" என்பான்.

உள்ளதைச் சொன்னால், எழுதுவதற்கு அவனிடம் ஒன்றுமே இல்லை. ஒரு நொத்தாரிசின் கந்தோரில் கிளார்க் வேலை. அங்கே காணி உறுதிப் பத்திரமெல்லாம் கம்பியூட்டரில் அடித்துத்தான் வரும். அவன் கையால் எழுதுவது வீட்டுச் சாமான் துண்டு மட்டும். 'பருப்பு, வெங்காயம், தேங்காய்' என்பதை ஜப்பானிலிருந்து வந்த மையால் எழுதி, காயும்வரை ஊதி, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பான். கடைக்காரர் அதே துண்டில் மஞ்சள் தூளைச் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்.

போத்தல்களுக்கு அவனே பேரும் வைத்திருந்தான். சாம்பல் கலந்த கறுப்புக்கு 'ஹந்தானை'. மூட்டம் இறங்கும்போது மலை அப்படித்தான் இருக்குமாம். பச்சை அடிக்கிற கறுப்பு 'மகாவலி', ஆற்றின் நிறமாம். காய்ந்த பிறகும் மினுங்குகிற கறுப்பு 'பல்லேகல'. கிரிக்கெட் மைதானத்தில் லைட் போட்ட இரவாம்.

"எல்லாத்துக்கும் ஊர்ப் பேர் வெச்சீக்கீங்க. இன்னும் பஸ்ஸும் கொண்டக்டரும் மட்டுந்தான் இல்ல" என்பாள் மஸாஹிரா.

அவள் வீட்டிலேயே அபாயா தைத்து விற்கிறாள். அளவு கொடுக்கவும் எடுத்துப் போகவும் ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். தைத்து முடித்ததெல்லாம் கதிரைகளில் குவிந்து கிடக்கும். வந்தவர்கள் உட்காருவதென்றால் முதலில் வேறு யாரோ ஒருவரின் பெருநாள் உடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அந்த அலுமாரி வேண்டும். அவனுக்கும் வேண்டும். கண்ணாடிக்குள் இல்லாத போத்தலை எவன் பார்ப்பான்?

ஆகவே ஸமீம் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தான். "இஞ்ச பாரு மஸாஹிரா. அலுமாரி என்ட. நீ வேற எடம் பாரு." நன்றாகத்தான் இருந்தது. விரலை நீட்டிச் சொன்னால் இன்னும் நன்றாக இருந்தது.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

"இஞ்ச பாருங்கோ மஸாஹிரா" என்றான். விரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பாத்துட்டுத்தானே ஈக்கேன். இந்த பேக்கப் புடிங்கோ. கை கழண்டு போச்சு."

பிடித்தான். "அலுமாரி விசயமா நான் ஒரு முடிவு எடுத்தீக்கேன்."

"அப்பாடா. எப்ப போத்தல எறக்கப் போறீங்க?"

"எறக்குறதா? அது அங்கதான் ஈக்கும்."

"என்னத்துக்கு? ஒன்பதும் ஒரே கறுப்பு. ஒண்ட வெச்சிட்டு மத்தத எடுத்தா என்ன கொறயப் போகுது?"

"ஒரே கறுப்பா! கண் தெரியாத கத கதைக்க வாணாம். ஒண்டு நீலம் தட்டும். ஒண்டு செவப்புத் தட்டும்..."

"எனக்கி தலைதான் தட்டுது."

"அப்ப நீங்க மட்டும்? நிடா துணி ஒரு கறுப்பு, ஸூம் துணி இன்னொரு கறுப்பு எண்டு வாறவங்களுக்கெல்லாம் செல்றீங்களே?"

"துணிய உடுக்கலாம். மைய உடுத்துட்டு கந்தோருக்குப் போவீங்களா?"

ஸமீமுக்குக் காது சூடாகிவிட்டது. சூடு வந்தால் அவன் வாய் தன்பாட்டில் ஓடும்.

"வேற யாரையும் எழுதச் செல்லுங்கோ. எழுத்த மட்டும் பாத்து எந்தப் போத்தல் எண்டு செல்லுவேன். ஒன்பதையும்!"

மஸாஹிரா செருப்பைக் கழற்றுவதை நிறுத்தினாள்.

"செல்லுவீங்களா?"

"செல்லுவேன்."

"பிழைச்சா?"

"அலுமாரி ஒங்களுக்கு."

"சரியாச் சென்னா ஒங்களுக்கு. பொறகு அந்த அலுமாரியப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்."

மஸாஹிரா வாயே திறக்க மாட்டாள்! ஸமீமுக்கு அலுமாரிகூட மறந்துவிட்டது. இந்தப் பரிசு அந்த ரோட்டில் எந்தப் புருஷனுக்கும் கிடைத்ததில்லை.

வருகிற பௌர்ணமிப் போயா லீவன்று போட்டி. பக்கத்து வீட்டு சுந்தரலிங்கமும் பெண்சாதி புஷ்பமும் சாட்சி. சுந்தரலிங்கத்துக்கு மாநகர சபையில் வேலை. ஸமீமுக்கு அவர் அண்ணன், அவருக்கு ஸமீம் நானா; இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். புஷ்பம் மஸாஹிராவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறவள். மஸாஹிரா அறைக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு போத்தலிலும் கண்ணாடிப் பேனையைத் தொட்டு ஒவ்வொரு கடதாசித் துண்டில் எழுத வேண்டும். தொடுமுன் பேனையைக் கழுவ வேண்டும். புஷ்பம் மூடி திறந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். துண்டுகள் வெளியே வரும். ஸமீம் பேர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பொய் சொல்லக் கூடாது. ஸமீமுக்கு மை உண்மையிலேயே தெரியும். அந்தக் கிழமை முழுக்க ஒன்பது மையிலும் 'பருப்பு' என்று எழுதி, துண்டுகளைக் குலுக்கிப் போட்டுப் பார்த்தான். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஹோலின் அந்தப் பக்கச் சுவரில் ஒட்டிவிட்டு இந்தப் பக்கத்திலிருந்து சொன்னான். அதுவும் சரி. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து கண்ணில் பட்டதைச் சொல்லியிருந்தால், அலுமாரி இன்றைக்கும் அவனிடம்தான் இருந்திருக்கும்.

போயாவன்று காலையில் சுந்தரலிங்கம் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்று.

"ஸமீம் நானா! இங்க வாங்க. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க."

"என்ன லிங்கம் அண்ணன்?"

"ஒங்க வீட்டுல ஒரு வேல பண்ணப் போறாங்க. ஒன்பது துண்டையும் ஒரே போத்தல்ல தொட்டு எழுதப் போறாங்களாம்."

"ஆ?"

"ஒரே மைய பாத்துட்டு நீங்க ஹந்தானை, பல்லேகலன்னு ஊர் ஊரா சொல்லுவீங்களாம். அப்புறம் ஒங்கள வச்சு சிரிக்கப் போறாங்களாம். புஷ்பம் இப்பதான் சொல்லிச்சு. சொல்லிட்டு, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் சொல்லிச்சு."

"அதான் என்னட்ட செல்றீங்க?"

"நீங்க யாரோவா நானா?"

ஸமீம் சிரித்தான். மதிலில் கையை அடித்து அடித்துச் சிரித்தான். சுந்தரலிங்கத்தின் வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குச் சிரித்தான். என்னையா ஏமாற்றப் பார்க்கிறாள்? வரட்டும். ஊர்ப் பேரே சொல்ல மாட்டேன். துண்டுகளை மேசையில் வீசி, ஒரே ஒரு வசனம் சொல்வேன். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

உள்ளே போனதும் மேலதிகமாக ஒரு சட்டமும் போட்டான்.

"இஞ்ச. ஒருக்கா சென்னா சென்னதுதான். பொறகு மாத்தேலாது. அப்பிடிச் சென்ன, இப்பிடிச் சென்ன எண்டு கதையும் இல்ல."

மஸாஹிரா கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயந்துவிட்டாள் என்று ஸமீம் நினைத்தான்.

"சரி" என்றாள்.

பின்னேரம் அசர் தொழுகை முடிந்து போட்டி தொடங்கியது. துணி இல்லாத ஒரே கதிரையில் சுந்தரலிங்கம் உட்கார்ந்தார். அறைக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே பேனை கழுவும் சத்தம் கேட்டது. 'நல்லா நடிக்கிறா' என்று ஸமீம் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். கடைசியில் கதவு திறந்து புஷ்பம் ஒரு தட்டில் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே சொல்தான். 'அலுமாரி'. ஒன்பது அலுமாரி.

முதலாவது துண்டை எடுத்தான். எழுத்தின் ஓரத்தில் பச்சை அடித்தது. மகாவலி என்றது கண். போடா, ஜன்னலுக்கு வெளியே வாழை மரம் நிற்கிறது, அந்தப் பச்சை விழுகிறது என்றது மூளை.

இரண்டாவது சாம்பல். கண் சொன்னது, ஹந்தானை. தண்ணீர் கலந்திருக்கிறாள் என்றது மூளை.

மூன்றாவது மினுங்கியது. பல்லேகலதான், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்றது கண். இதில் மட்டும் மையைக் கூடத் தொட்டு எழுதியிருக்கிறாள், கெட்டிக்காரி என்றது மூளை.

நான்காவதில் நீலம். ஐந்தாவதில் சிவப்பு. கண் பேர் பேராகச் சொல்லிக்கொண்டே வந்தது. மூளை ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே வந்தது. ஏழாவது துண்டுக்கு வரும்போது ஸமீமுக்கு மஸாஹிராமேல் மரியாதையே வந்துவிட்டது. ஒரே மையை இத்தனை விதமாகக் காட்டுவதற்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள்! பாவம். எல்லாம் வீண்.

"என்ன நானா, தெரியுதா?" என்றார் சுந்தரலிங்கம்.

"மிச்சம் நல்லாத் தெரியுது அண்ணன்." கண்ணடித்தான். சுந்தரலிங்கமும் கண்ணடித்தார்.

ஸமீம் எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

"மஸாஹிரா! வெளிய வாங்கோ. லிங்கம் அண்ணன், நீங்களும் நல்லாக் கேட்டுக்கோங்கோ. கறுப்பு விசயத்தில என்ன ஏமாத்த ஒருத்தராலயும் ஏலாது. இந்த ஒன்பதும் ஒண்டுதான். ஒரே மை! ஒரு சொட்டு வித்தியாசம் இல்ல!"

மஸாஹிரா கதவடியில் நின்றாள்.

"இன்னொருக்கா செல்லுங்கோ. புஷ்பத்துக்குக் கேக்கல்ல போல."

"ஒரே மை! கண் ஈக்கிற எவனும் செல்லுவான், எல்லாம் ஒரே கறுப்புத்தான் எண்டு!"

புஷ்பம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்ன நானா இப்படிச் சொல்றீங்க? ஒன்பதும் வேற வேற போத்தல். நாந்தானே ஒவ்வொரு மூடியா தொறந்து குடுத்தேன். இந்தா, என் கையப் பாருங்க."

அவளுடைய விரல்கள் கறுத்துப் போயிருந்தன. ஸமீம் விரல்களைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். பச்சை பச்சையாகவே இருந்தது. வாழை மரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இல்ல... லிங்கம் அண்ணன்தான்..." என்று தொடங்கினான். நிறுத்தினான். லிங்கம் அண்ணன் காதில் ஓதியதைச் சொன்னால், களவாகக் கேட்டுக்கொண்டு போட்டிக்கு வந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுந்தரலிங்கம் ஓடாத ஃபேனை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிங்கம் அண்ணனுக்கு என்ன?" என்றாள் மஸாஹிரா.

"லிங்கம் அண்ணனுக்கு... தேத்தண்ணி குடுங்கோ."

பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லுமுன்பே அலுமாரி கை மாறிவிட்டது. போத்தல்கள் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போய், பெட்டி கட்டிலுக்கடியில் போனது. ஸமீம்தான் தள்ளினான். கண்ணாடிக்குள் அபாயாக்கள் வரிசையாகத் தொங்கின. நன்றாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கதிரைகளில் மனிதர்கள் உட்காரலாம்.

ஸமீம் அப்படி ஒரு கதிரையில் உட்கார்ந்தான்.

"புஷ்பத்திட்ட அந்தப் பொய்ய நீங்கதானே சென்ன?"

"பொய் இல்ல. முதல்ல அப்பிடிச் செய்யத்தான் நெனச்சேன். பொறகு மாத்திட்டேன்."

"எப்ப மாத்தின?"

"நீங்க லிங்கம் அண்ணனோட மதிலடியில நிண்டு சிரிக்கக்கொள்ள. குசினி அடுப்படி வரைக்கும் கேட்டிச்சே."

ஸமீம் மதில் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க பேசாம பாத்துச் சென்னீந்தா நான் தோத்தீப்பேன்" என்றாள் அவள். வாயில் ஊசி கடித்திருந்ததால் சொல் கொஞ்சம் கோணலாக வந்தது. "வித்தியாசம் எனக்கே தெரிஞ்சிச்சு. முதலாவது பச்ச அடிச்சிச்சு."

"தெரிஞ்சிச்சா?" ஸமீம் எழுந்தே விட்டான். "மெய்யாவா? ஓரத்திலதானே? அதான் நான் செல்லிட்டே ஈந்த! அதான் மகாவலி!"

"ஓ. தெரிஞ்சிச்சு. இப்ப ஒரு வேல செய்ங்கோ. நாளைக்கி ஆக்கள் எடுக்க வாறாங்க. ஒவ்வொரு உடுப்புக்கும் அவங்கட பேரத் துண்டுல எழுதித் தாங்கோ. ஒங்கட எழுத்து சோக்கு."

ஸமீமுக்கு முகம் விரிந்தது. பருப்பு இல்லை, வெங்காயம் இல்லை. மனிதர்களின் பேர்! ஊரே வந்து பார்க்கப் போகிற கண்ணாடி அலுமாரிக்குள் அவனுடைய மை! கட்டிலுக்கடியில் பாய்ந்து பெட்டியை இழுத்தான். தூசி தட்டினான். இரண்டு கையிலும் இரண்டு போத்தலோடு ஹோலுக்கு ஓடி வந்தான்.

"எதுல எழுத? மினுங்குறதா, பச்ச அடிக்கிறதா? நிடா துணிக்கு எது பொருந்தும் எண்டு செல்லுங்கோ!"

மஸாஹிரா வாயிலிருந்து ஊசியை எடுத்தாள்.

"கையில அம்புட்டதுல எழுதுங்கோ. கண் ஈக்கிற எவனுக்கும் எல்லாம் ஒரே கறுப்புத்தானே."