அரை இஞ்ச் டெய்லரின் முதுகு

சொந்த முதுகோடு இருபத்துநாலு மணி நேரமும் சண்டையில் இருக்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கொல்லிமலையில், சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். ஊருக்கு அவர் 'அரை இஞ்ச்' டெய்லர். யார் துணி கொண்டுவந்தாலும், "உள்ள அரை இஞ்ச் உட்டிருக்கேனுங்க, உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்" என்பார். காற்றடித்தால் பறந்துவிடுகிற ஆளிடமும் அதையேதான் சொல்வார்.

அவர் கடைக்கு மேல் அறையில் நான் நான்கு வருடம் குடியிருந்தேன். அங்கே ஓர் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. குடிபோன மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கீழே 'தொம்' என்று சத்தம். பிறகு "ஒண்ணு... ரெண்டு..." என்று முனகல். பத்து வந்ததும் மறுபடி தொம். குளிரில் போர்வையோடு இறங்கிப் போய்ப் பார்த்தேன். துணி வெட்டும் மேஜை மேல் டெய்லர் ஒருக்களித்து, ஒரு கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்துவதும், பத்து எண்ணியதும் மூட்டை மாதிரி விழுவதுமாக இருந்தார்.

"என்னங்க டெய்லரே, காலங்காத்தால?"

"முதுகெலும்பு ஒரு பக்கமா வளைஞ்சு போச்சுங்க சார். அதான் நிமித்தறேன்" என்றார், கொடிக்கம்பியை நிமிர்த்துகிறவர் போல.

சின்ன வயதிலேயே இருந்த வளைவு. ஐம்பது தாண்டியதும் அதிகமாக ஆரம்பித்திருக்கிறது. சேலத்தில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இன்னும் வளைந்தால் மூச்சு முட்டும், மெஷினில் உட்கார முடியாது, தினமும் பயிற்சி செய்தால் இதற்கு மேல் வளையாமல் தடுக்கப் பார்க்கலாம் என்றிருக்கிறார். பயிற்சி சொல்லிக்கொடுக்க ஓர் அம்மணியிடமும் அனுப்பினார். டெய்லர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நேராகிவிடும் என்பதைத் தாமாகச் சேர்த்துக்கொண்டு மலையேறிவிட்டார்.

ஊரில் யாருக்கும் இந்த வளைவு தெரியாது. வலது தோள் இடதைவிட ஒண்ணேமுக்கால் இஞ்ச் உயரம். ஆனால் சட்டை ஜம்மென்று நேராக நிற்கும். இடது தோளுக்குள் சின்னதாக ஒரு மெத்தை, வலது பக்கம் நீளம் கூடுதல். மற்றவர்களுக்கெல்லாம் துணியை இரண்டாக மடித்து, இரண்டு பக்கத்தையும் ஒரே வெட்டில் வெட்டுவார். தனக்கு மட்டும் இடது தனி, வலது தனி.

"ஒரே ஒரு தடவ எனக்குந் துணிய மடிச்சு வெட்டிப் போடோணுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

இதற்காக அவர் பட்ட பாட்டை விட மற்றவர்கள் பட்ட பாடுதான் பெரிது. நாமக்கல் போய்விட்டு ஒருநாள் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. பஸ் ஒரு பக்கம் திரும்பும்போது எழுந்து மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவார். மறு பக்கம் திரும்பினால் உட்கார்ந்துவிடுவார். அந்தப் பக்கம் இழுத்தால் முதுகுக்கு ஆகாதாம். இருபதாவது வளைவில் கண்டக்டர் பொறுமை இழந்தார்.

"ஏனுங்க, ஒண்ணு உக்காருங்க, இல்ல நில்லுங்க. பாக்கற எனக்கே தல சுத்துது."

"நீங்க அந்தப் பக்கம் பாருங்க. இன்னும் அம்பது இருக்குது" என்றார் டெய்லர்.

இன்னொரு நாள் கண்ணை மூடி மேஜையில் மல்லாந்து, குழிந்திருக்கும் இடது விலாவுக்குள் மூச்சை இழுக்கும் பயிற்சியில் இருந்தார். நெஞ்சின் மேல் அளவு டேப். ரவிக்கை வாங்க வந்த பெண் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓட, பழம் விற்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கையில் மாலை. டெய்லர் எழுந்து உட்கார்ந்து, "மாலைய சாமிக்குப் போட்ருங்க. அம்மணி, உங்க ரவிக்கைக்கு இன்னும் கொக்கி வெக்கல, நாளைக்கு வாங்க" என்றார்.

மாதா மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அளவெடுப்பது என் வேலை. தோள்முனையிலிருந்து தரை வரை இரண்டு பக்கமும் டேப் பிடிக்க வேண்டும். முதல் மாதம் ஒண்ணேமுக்கால். இரண்டாம் மாதம் ஒண்ணேமுக்கால். ஆறாம் மாதமும் அதேதான். அன்று அவர் சட்டையைப் போட்டுக்கொள்ளாமல் குளிரில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அலுத்துப் போச்சுங்க சார். நாளையிலிருந்து படுத்துத் தூங்கறேன். வளையட்டும். எவ்வளவு தூரம் வளையுதுன்னு பாத்தர்லாம்."

எனக்குப் பயமாக இருந்தது. மெஷினில் உட்கார முடியாத டெய்லரை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஏழாம் மாதம் டேப்பைப் பார்த்தேன், ஒண்ணேமுக்கால். "ஒண்ணரைங்க டெய்லரே" என்றேன்.

அன்று சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் அன்னாசிப்பழம் அறுத்துக் கொடுத்தார். பொய்யில் ஒரு சங்கடம், ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அடுத்த மாதம் ஒண்ணேகால் என்றேன். பிறகு ஒண்ணு. பிறகு முக்கால். கடைசியில் ஒரு ஞாயிறு, "அரை இஞ்ச்" என்றேன்.

"அரை இஞ்சா? அது எல்லாத்துக்கும் உடறதுதானுங்களே" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. வெள்ளைத் துணியை எடுத்து, இரண்டாக மடித்து, ஒரே வெட்டில் வெட்டினார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கோழை, மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மாலை வந்தபோது புதுச் சட்டையோடு கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். கழுத்துப்பட்டி ஒரு பக்கம் இழுத்தது. வலது ஓரம் மேலே ஏறியிருந்தது.

"ரெண்டு தடவ பிரிச்சுத் தெச்சுட்டனுங்க சார். எங்க தப்புனேன்னே தெரியல. கைப்பழக்கம் போயிருச்சாட்ட இருக்குது."

அந்த மனிதர் கடைசி வரை என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன் கையைத்தான் சந்தேகப்பட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சட்டையைக் கழற்றினார். பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டு மடித்து வைத்தார்.

"எத்தன மாசமா?"

"அஞ்சு மாசமா."

விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை ஐந்து மணிக்குச் சத்தம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. தொம் தொம் என்று தூக்கத்தைக் கெடுக்கிறார் என்று ஊரெல்லாம் புலம்பிய நான், பதினோரு நாள் ஐந்து மணிக்கு விழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த முதுகைக் கெடுத்தவன் நான்தான் என்று தோன்றியது.

பன்னிரண்டாம் நாள் மாடிப்படியில் வழிமறித்து டேப்பை நீட்டினார். "மூக்குக்கண்ணாடியப் போட்டுக்கிட்டு அளங்க."

அளந்தேன். இரண்டு முறை. "ஒண்ணேமுக்கால்."

"கூடலையா?"

"ஒரு நூல் கூடக் கூடல."

டேப்பை வாங்கிச் சுருட்டினார். "நேராகாதுங்களா சார்?" என்றார் கடைசியில்.

"ஆகாதுங்க."

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் ஐந்து மணிக்குத் தொம் என்றது. நான் போர்வைக்குள் அழுதேன்.

இப்போது மாற்றலாகி நாமக்கல் வந்துவிட்டேன். முதல் ஞாயிறுதோறும் எழுபது வளைவு ஏறிப் போய், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அளந்துவிட்டு வருகிறேன். அந்த வெள்ளைச் சட்டை மடித்தபடியே அலமாரியில் இருக்கிறது. அவர் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "எவ்வளவுங்க சார்?" என்று கேட்கும்போதெல்லாம், அரை இஞ்ச் குறைத்துச் சொல்லத்தான் இன்னமும் வாய் வருகிறது.