ஆளையும் காணோம், அட்வான்ஸையும் காணோம்

வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. கட்டில் மேல் பீரோ, பீரோ மேல் மெத்தை, மெத்தை மேல் துடைப்பம் என்று பதினோரு வருஷக் குடித்தனம் மேகத்தை இடித்துக்கொண்டிருந்தது.

"கிளம்பலாமா சார்?" என்றார் லாரிக்காரர்.

"அட்வான்ஸ் வரணும்பா. அதை அஞ்சு மணிக்குள்ள கொண்டுபோய்க் குடுத்தாத்தான் புது வீடு."

"இந்த வீட்டு ஓனர் எங்க?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? பதினோரு வருஷமா அந்த ஆள் மூஞ்சியையே நான் பாத்ததில்ல!"

குடியிருந்த பிரேம்காரர் சொன்னது சத்தியம். மாதம் பிறந்தால் புரோக்கர் வந்து வாடகையை வாங்கிப்போவார். ரசீதில் 'உரிமையாளருக்காக' என்று போட்டு, கொசு நடந்துபோன மாதிரி ஒரு கையெழுத்து. அந்தப் புரோக்கரின் போன் நேற்றிலிருந்து பேச்சுமூச்சில்லை. கடையும் பூட்டிக் கிடந்தது. காலையில் போய்ப் பார்த்த பிரேம்காரர், வந்த கோபத்தில் வீட்டுச் சாவியை ஷட்டர் இடுக்கு வழியே உள்ளே வீசிவிட்டு வந்திருந்தார்.

தகராறெல்லாம் ஆணியால் வந்தது. படங்களுக்கு பிரேம் போடும் கடை அவருடையது. ஆர்டர் கொடுத்தவர்கள் வாங்காமல் விட்ட படங்களைக் குப்பையில் போட மனசு வராது. வீட்டுச் சுவரில் மாட்டிவிடுவார். யார் பெற்ற பிள்ளைகளோ, எந்த ஊர்க் கல்யாண ஜோடிகளோ, ஒரு முழுக் கால்பந்து அணியோ, எல்லாரும் அவர் கூடத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். போன மாதம் புரோக்கர் வந்து, "இனிமே ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு ஓனர் உத்தரவு" என்றார். பிரேம்காரருக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"வந்து பாக்காத மனுஷனுக்கு ஆணி எப்படித் தெரிஞ்சுது? காலி பண்றேன்னு சொல்லுய்யா!"

அப்போது உள்ளே மாமியாருக்குப் பயங்கர இருமல்.

மாமியார் மாதம் தவறாமல் ஒன்றாம் தேதி மகளைப் பார்க்க வந்து பத்து நாள் தங்குவார். மருமகன் சுத்தியலை எடுத்தால் போதும், தனக்கே பல் பிடுங்குகிற மாதிரிக் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். இன்றைக்கும் லாரிப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், மெதுவாக ஒரு கவரை நீட்டினார்.

"மாப்பிள்ளை, அட்வான்ஸ் தொகை அப்படியே இதுல இருக்கு. வாங்கிக்குங்களேன்."

"அத்தை! கல்யாணத்தன்னிக்கு என்ன சொன்னேன்? மாமியார் வீட்டு நிழல்லகூட ஒதுங்க மாட்டேன்னு சொன்னேனா இல்லையா? வீட்டோட மாப்பிள்ளைன்னு எவனும் என்னைச் சொல்லிடக் கூடாது!"

"சொன்னீங்க, சொன்னீங்க. வாராவாரம் சொல்றீங்களே" என்றாள் மனைவி, எங்கோ பார்த்துக்கொண்டு.

பிரேம்காரர் நேரே அச்சுக் கடைக்குப் போனார். 'காணவில்லை. வீட்டு உரிமையாளர். தகவல் தருவோருக்குப் பரிசு' என்று தன் போன் நம்பரோடு எழுதிக் கொடுத்தார். தகவல் சொல்ல வருகிறவர்களுக்குத் தன்னை அடையாளம் தெரிய வேண்டுமே என்று தன் படத்தையும் கொடுத்தார்.

"படம் ஓரத்துல போதுமா சார்?"

"யார்கிட்ட? முப்பது வருஷமா இதே தொழில். படம்னா நடுவுல நிக்கணும். சுத்தி நல்லாப் பட்டையா, கறுப்பா பிரேம் போடு!"

அரை மணி நேரத்தில் தெருவெல்லாம் கறுப்புச் சட்டத்துக்குள்ளிருந்து பிரேம்காரர் சிரித்தார். போன் அடித்தது.

"ஹலோ... அவர் எப்பங்க போனாரு?"

"எவரு?"

"போஸ்டர்ல இருக்கறவரு."

"அது நான்தான்யா!"

மறுமுனை ஐயோவென்று அலறிப் போனைப் போட்டது.

அடுத்த போன் பக்கத்துக் கடைத் தையல்காரர். "நேத்துகூட என்கிட்ட கத்தரிக்கோல் வாங்கிட்டுப் போனாரே, நல்ல மனுஷன்" என்று கேவினார். "கத்தரிக்கோல் எங்க வச்சாருன்னு தெரியுமா?"

படத்தை மட்டும் பார்த்தவர்கள் மாலையோடு லாரியைச் சுற்றி நின்றார்கள். எழுத்தையும் படித்த இரண்டு தடியர்கள் தெருமுனையில் பிரேம்காரரை அமுக்கி, ஆளுக்கொரு கையாகத் தூக்கி வந்து மனைவி முன்னால் இறக்கினார்கள்.

"காணாமப்போனவர் இவர்தானேம்மா? பரிசைக் குடுங்க."

வேண்டாமென்று எப்படிச் சொல்வாள்? கொடுத்தாள்.

நாலரைக்குப் புது வீட்டுக்காரரின் போன் வந்தது. "போஸ்டர் பாத்தேன். காணாமப்போனாரா, போய்ச் சேந்தாரா, ஒண்ணும் புரியல. எதுவா இருந்தாலும் அந்த மாதிரி ஆளுக்கு நான் வீடு விடறதில்ல."

லாரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "சார், எங்கயாவது ஒரு இடத்துல எறக்கித்தானே ஆகணும்?"

பழைய வீடு பூட்டியிருக்கிறது. சாவி புரோக்கர் கடைக்குள். பிரேம்காரர் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். தோளில் யாரோ போட்ட மாலை. பார்க்கச் சகிக்கவில்லை.

மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. எழுந்துபோய், பைக்குள்ளிருந்து ஒரு சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

"இது எப்படி அத்தை உங்ககிட்ட?"

"எல்லாப் பூட்டுக்கும் ரெண்டு சாவி உண்டு மாப்பிள்ளை. முதல்ல உள்ள வந்து தண்ணி குடிங்க."

அதற்குமேல் கேட்க அவருக்குத் தெம்பில்லை. குடித்தார். கொஞ்சம் உயிர் வந்தது. கூடவே ரோஷமும் வந்தது.

"போகட்டும் அத்தை. வீடு போச்சு, அட்வான்ஸ் போச்சு. ஆனா ஒண்ணு. தெருவுல நின்னாலும் நின்னேனே தவிர, மாமியார் வீட்ல ஒருநாள் குடியிருந்தேன்னு ஒருத்தன் சொல்ல முடியுமா?"

மனைவி கூரையை ஆராய்ந்தாள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வாசலில் ஒரு பெயிண்டர் வந்து வாளியை வைத்தார். பிரேம்காரரைத் தாண்டி மாமியாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஓனரம்மா, நீங்க எண்ணிச் சொன்ன நூத்திப் பதினாலு ஆணி ஓட்டையையும் அடைச்சுடறேன்; அந்தக் கூலியைக் குடியிருந்தவரோட அட்வான்ஸ்ல கழிச்சுக்கறீங்களா, இல்ல பாவம்னு விட்டுடறீங்களா?"