பால் வாளிப் பரீட்சை

உலகத்தில் யார் யாரோ எதை எதையோ கண்டுபிடித்துப் பெயர் வாங்கிவிட்டார்கள். பிறர் மனத்தில் இருப்பதைக் குழந்தை எந்த வயதில் அறிகிறது என்பதைக் கண்டுபிடித்தவன் நான். பெயர் சிதம்பரநாதன், கடல் தாண்டி உலு யாம் என்ற ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. சொந்த ஊர் யாழ்ப்பாணம் என்று சொல்லத் தேவையில்லை. அறிவைப் பார்த்தாலே தெரியும்.

1926ஆம் ஆண்டு எங்கள் தோட்டத்துக்குக் குழாய் வந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலி ஜனங்கள் பாரிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், அதாவது ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடும் வாய்க்காலில் மொண்டு குடிக்கிறார்கள் என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டான். சோதித்துப் பார்க்க ஒரு துரை வருகிறார் என்று கடிதம் வந்தது. உடனே எங்கள் பெரிய துரை லயத்துச் சுவரோரம் பளபளவென்று ஒரு குழாயை நட்டார். மேற்படி குழாயின் முன்பக்கம் முழுக்கச் சட்டப்படி இருந்தது. சுவருக்குப் பின்பக்கம் ஒரு பீப்பாய் இருந்தது. அதில் பாரிட்டுத் தண்ணீரை மொண்டு ஊற்ற, கூலிகளை மேய்க்கும் அர்ஜுனன் மண்டோர் 'நீர்வள அதிகாரி'யாக நியமிக்கப்பட்டான்.

கூட்டம் கூடியது. பெரிய துரை, நான், மண்டோர் ஆக மூவர். லயத்தில் பெரியவர்களைப் பற்றிக் கவலை இல்லை. வாயைத் திறந்தால் பேரை வெட்டி வெளியே அனுப்பிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். சிக்கல் குழந்தைகள்தான்.

"சின்னப் பிள்ளையளுக்குப் பொய் வராது, துரை," என்றேன். "தனக்குத் தெரிஞ்சது அடுத்த ஆளுக்குத் தெரியாது எண்டு விளங்கினால்தான் பொய் சொல்லலாம். விளங்கின பிள்ளையளைக் குழாயடியிலை நிப்பாட்டுவம். விளங்காததுகளைக் காட்டுக்குள்ளை அனுப்புவம்."

துரை ஐந்து நிமிடம் யோசித்தார். ஒன்றும் புரியவில்லை. ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தாய்மார் ரப்பர்ப் பால் வெட்டப் போனபின் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் கொட்டகையில் பரீட்சை நடந்தது. மண்டோர் தன் வெற்றிலைப் பையைப் பால் வாளிக்குள் வைத்துவிட்டு வெளியே போவான். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் அதை எடுத்துச் சாக்குக்கு அடியில் ஒளிப்பேன். பிறகு கேள்வி: "மண்டோர் வந்து பையை எங்கை தேடுவார்?"

மூன்று வயதுகள் எல்லாம், "சாக்குக்கடில!" என்று கூவின. தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைக்கும் பிராயம். தேறவில்லை. நாலு, நாலரை வயதுகள், "வாளில" என்றன. தேறியவை. பதினேழு குழந்தைகளுக்குப் பதினேழு தடவை பையை மாற்றி வைத்தேன். பதினேழு தடவையும் அர்ஜுனன் உள்ளே வந்து நிஜமாகவே வாளியைத்தான் கவிழ்த்துப் பார்த்தான். மண்டோர்களின் மனம் எந்த வயதில் விளைகிறது என்பது என் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது.

முதலாவதாகத் தேறியது காத்தாயி. வயது நாலரை, பால் வெட்டும் நாகமணியின் மகள்.

"வாளிலதான் தேடுவாரு. அவருதான் பாக்கலையே," என்றது. அத்தோடு விடவில்லை. "பாவம்யா, நான் போயி சொல்லிரட்டா?"

கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாலும் நான் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாகமணி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். கைக்குழந்தைக்கு மூன்று நாளாக வயிற்றால் போகிறதாம். பாரிட்டுத் தண்ணீர்தான் காரணமாம். தொழிலாளிகள் எல்லாரும் வைத்தியர்கள்!

"ஐயா, அந்தக் கொழாயில தண்ணி வருங்களா? புள்ளைக்கு ரெண்டு வாய் குடுக்கணுங்க."

"வரும். துரை வாற அண்டைக்கு வரும்."

"இன்னிக்குங்க?"

"இண்டைக்கு அது வெறும் குழாய்தான்."

அவள் போய்விட்டாள். விளக்கிச் சொன்னால் ஜனங்கள் கேட்டுக்கொள்வார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சோதனைத் துரை மோட்டாரில் வந்து இறங்கினார். தேறாத பதினொன்றும் காட்டுக்குள் போயாகிவிட்டன. தேறிய ஆறும் தலை வாரிக் குழாயடியில் நின்றன. துரை புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர்.

"குழந்தாய், இக்குழாய் நீர் நன்றாயுள்ளதா?" என்றார் காத்தாயியிடம்.

காத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"தொரைக்குத் தெரியாதுல்ல? இது கொழாத் தண்ணி இல்ல. பின்னால மண்டோரு ஊத்துறாரு. பாரிட்டுத் தண்ணி. எந்தம்பி அதக் குடிச்சிட்டுத்தான் எந்திரிக்காமப் படுத்திருக்கான்."

சுவருக்குப் பின்னாலிருந்து "ஐயையோ!" என்று நீர்வள அதிகாரியின் குரல் கேட்டது. குழாய் நின்றுபோயிற்று.

என் விஞ்ஞானத்தில் ஓட்டை விழுந்தது அங்கேதான். அடுத்தவனுக்குத் தெரியாது என்று தெரிந்துகொண்ட மனிதன் மறைப்பான் என்று என்னை வைத்தே கணக்குப் போட்டிருந்தேன். தெரியாதவருக்குச் சொல்லவும் செய்யலாம் என்பது, சத்தியமாக, எனக்குத் தோன்றவே இல்லை.

சோதனைத் துரை குனிந்து, அன்போடு காத்தாயியின் தலையைத் தடவினார்.

"அஃது எமக்கு முன்னமே தெரியும், குழந்தாய்."

நோட்டுப் புத்தகத்தில், 'குழாய் உண்டு. திருப்தி' என்று எழுதினார்.

"தெரியுமா?" காத்தாயிக்கு விளங்கவில்லை. "அப்ப ஏன் தம்பி இன்னமும் அதையே குடிக்கிறான்?"

இரண்டு துரைகளும் பங்களாவுக்குத் தேநீர் அருந்தப் போனார்கள். காரியம் எதுவும் கெட்டுப்போகாததால் நாகமணியின் பேரை வெட்ட வேண்டாம் என்று பெரிய துரை பெருந்தன்மையோடு சொல்லியனுப்பினார்.

அந்தத் தம்பி மறுநாள் காலை போய்விட்டான். ஒன்பது மாதம். பதிவேட்டில் அவன் பேரை அடிக்கும்போது மை கொட்டிவிட்டது. ஆனாலும் பரீட்சை அறிக்கையை முடித்து அனுப்பினேன், கடமை கடமைதான். காத்தாயியின் பேருக்கு எதிரே முதலில் எழுதியதைத் திருத்த வேண்டியிருந்தது:

'தேறவில்லை. துரைமாருக்குத் தெரியாததால்தான் நல்ல தண்ணீர் வரவில்லை என்று நினைத்துவிட்டது. பிறர் மனத்தை அறியும் பக்குவம் இக்குழந்தைக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பக்குவம் நிரம்பிய மூவர் கீழே கையொப்பமிட்டிருக்கிறோம்.'