கசப்பண்ணையும் இத்தாலியச் சம்பந்தியும்

உலகத்தில் இனிப்பு என்று ஒன்று இருப்பதையே மன்னிக்காத மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் ஒஸ்லோவில், ரொம்மனில், எங்கள் வீட்டுக்கு மேல் வீட்டில் குடியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, இங்கே எல்லோருக்கும் அவர் கசப்பண்ணை.

குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. ஒரு தடவை பிறந்தநாள் கேக்குக்குப் பக்கத்தில் பாகற்காய்ப் பொரியலையும் வைத்துவிட்டார். அன்று அங்கே அழாத குழந்தை, தூங்கிக்கொண்டிருந்த குழந்தை மட்டும்தான். மேலாளர் அம்மா கூப்பிட்டு விசாரித்தபோது, "வயிற்றுப் பூச்சி போகும்" என்று சுத்தமான நோர்வே மொழியில் விளக்கம் கொடுத்தாராம்.

இவருடைய மகள் ரெஜினா, துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் படிக்கப் போன இடத்தில் ஓர் இத்தாலியப் பையனை விரும்பினாள். "கத்தோலிக்கப் பெடியன்தானே, பிறகென்ன?" என்று அண்ணை உடனே சம்மதித்துவிட்டார். பையனின் பெற்றோர்தான் பிடிகொடுக்கவில்லை. பெண் வீட்டை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அவர்கள் வருவது ஒரே ஒரு மாலை. ரெஜினாவின் கல்யாணம் அந்த மாலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பையனின் தகப்பனுக்கு அமாரோ என்றால் உயிர் என்று மகள் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தாள். வேரும் பட்டையும் மூலிகையும் ஊறவைத்து இத்தாலியர்கள் செய்யும் கசப்பு மது அது. அண்ணையின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அரசு மதுக்கடையில் ருசி பார்க்க விடமாட்டார்கள். அதனால் வகைக்கு ஒன்றாக வாங்கிவந்து, ஒரு சனிக்கிழமை காலை, சென்னையிலிருந்து வேலைக்கு வந்த அப்பாவியான என்னை மேலே கூப்பிட்டார். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று கட்டளை. அவர்கள் வீட்டில் கசாயம் அப்படித்தானாம். கசப்பு முதலில், சோறு பிறகு.

முதல் போத்தலில் ஆரஞ்சுத் தோல் மணத்தது. "சீ, இது சர்பத்து" என்று ஒதுக்கினார். அடுத்ததில் புதினா. "சளி, தடிமனுக்குக் காணும். சம்பந்திக்குக் காணாது." மூன்றாவது ஏதோ மலைச்செடியின் வேர். எனக்குக் காது அடைத்தது.

"அண்ணே, நாக்கு செத்துப்போச்சு. இதைப் போய் மனுஷங்க குடிப்பாங்களா?"

"தம்பி, உங்கட இந்தியாவிலை வேம்பு இல்லையோ? உடனை விழுங்காதேங்கோ. வாயிலை வைச்சிருங்கோ. இப்ப அடிநாக்கிலை ஒரு இனிப்பு வருதெல்லோ?"

வந்தது. அவர் வாயால் இனிப்பைப் புகழ்ந்து கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இதுதான் சாமான். அந்த மனுசனோடை கதைக்க எனக்குப் பாஷை இல்லை. இதைக் குடுத்தால் அவருக்கு விளங்கும்."

சம்பந்தி வீட்டார் வந்த மாலை நல்ல பனி. பெண் வீட்டு ஆளாக நானும் சட்டையை இஸ்திரி போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இடியப்பமும் நண்டுக் குழம்பும் தயார். ரெஜினாவும் பையனும் சோடா வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. குட்டிக் கண்ணாடிக் கோப்பைகளில் அமாரோவை ஊற்றி நீட்டிவிட்டார். சம்பந்தி ஒரு வாய் உறிஞ்சினார், கண்ணை மூடினார், நெஞ்சில் கை வைத்தார். அண்ணை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கோப்பை காலியானதும் சம்பந்தி தன் மனைவியைப் பார்த்தார். இருவரும் எழுந்தார்கள். எல்லோர் கையையும் மரியாதையாகக் குலுக்கினார்கள். கோட்டை மாட்டினார்கள். போயே விட்டார்கள்.

அண்ணையின் மனைவி அகப்பையோடு வெளியே வந்தார். "சாப்பிட வந்த சனத்துக்கு அந்தக் கண்டறியாத சாமானைக் குடுத்துத் துரத்திப்போட்டியளே!"

அண்ணை சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "எங்களைப் பிடிக்கேல்லைப் போல. பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லுவன்?" என்றார். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. கீழே வாசலில் சம்பந்தி வீட்டாரை எதிர்கொண்ட ரெஜினா.

"அப்பா, என்ன செய்தனீங்கள்? அதைச் சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் குடுக்கிறது! அது வந்தால் விருந்து முடிஞ்சுது எண்டு அர்த்தம். அவை தாங்கள் பிந்தி வந்திட்டம், நீங்கள் எல்லாரும் சாப்பிட்டு முடிச்சிட்டியள் எண்டு நினைச்சு, வெக்கப்பட்டுப் போகினம்!"

கைபேசி சோபாவில் கத்திக்கொண்டிருக்க, அண்ணை படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார். நானும் பின்னால் ஓடினேன். வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கிப் போய்ச் சம்பந்தியின் கையைப் பிடித்தார். இன்னொரு கையைக் குவித்துத் தன் வாயருகே கொண்டுபோய்க் காட்டினார்.

"இன்னும் சாப்பிடேல்லை. மேலை நண்டு இருக்கு. வாங்கோ" என்றார் தமிழில்.

சம்பந்தி சத்தமாகச் சிரித்து ஏதோ கேட்டார். பையன் நோர்வே மொழியில் சொல்ல, ரெஜினா தமிழாக்கினாள்: "சாப்பிட்ட பிறகு அந்தக் கசப்பு இன்னொருக்காக் கிடைக்குமோ எண்டு கேக்கிறார் அப்பா."

எல்லோரும் நெருக்கியடித்து லிப்டில் ஏறினோம். அண்ணை பிடித்த கையை விடவில்லை. விட்டால் மனிதர் மறுபடி கிளம்பிவிடுவார் என்று பயந்தாரோ என்னவோ. செருப்பிலிருந்து பனித்தண்ணீர் வடிய, கலங்கிய கண்ணோடு, மாடி வரும்வரை அப்படியே நின்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. லிப்டில்தான் இடமில்லை.