எத்தாளையின் மூன்று கோல்ஃப் மைதானங்கள்

புனித அன்னம்மாள் துணை

எத்தாளை,
கற்பிட்டி.
14 செப்டம்பர் 2002

அன்புள்ள மச்சான் அருளப்புவுக்கு,

உமக்கும் கனடாவில் உம்மோடு இருப்பவர்களுக்கும் கடவுள் குறையாத சுகத்தைக் கொடுக்கட்டும். இங்கே நாங்களும் சுகம். சுகம் என்பது கடிதத்துக்காக எழுதுவது. எனக்கு இடுப்புப் பிடித்திருக்கிறது, உமது அக்கா பவுலினா என்னோடு கதைப்பதில்லை, ஆடு இரண்டும் காணிக்கைப் பூமாலையைத் தின்று வயிறு ஊதிக் கிடக்கின்றன. மகள் றோசா மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிறாள். கையில் வந்த கனடாச் சம்பந்தம் போய்விட்ட துக்கத்தைப் பிள்ளை அப்படி மறைக்கிறாள் என்று நினைக்கிறேன்.

நடந்ததற்கெல்லாம் காரணம் நீர்தான் என்பதை இப்போதே எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையின் தகப்பன் மனுவேற்பிள்ளை அண்ணர் கனடாவிலிருந்து பெண் பார்க்க வருகிறார், யாழ்ப்பாணத்து நல்ல குடும்பம், ஆனால் வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு கோல்ஃப் பைத்தியம் பிடித்திருக்கிறது, அந்த விளையாட்டு இல்லாத ஊரில் இரண்டு நாளுக்கு மேல் தங்கமாட்டார் என்று எழுதினீர். அதோடு நிறுத்தியிருக்கலாம். “எங்கட பக்கம் கடலும் களப்புமாக வடிவான இடம், அங்கே விளையாடத் தகுந்த பேர்போன பொது மைதானங்கள் பல இருக்கின்றன என்று சொல்லிவிட்டேன், அத்தான், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றும் எழுதினீர். நீர் பிறந்து வளர்ந்த ஊர் இது. இங்கே பொதுவில் இருப்பது ஒரு கிணறும் ஒரு மயானமும். சண்டை இப்போதுதான் நின்றிருக்கிறது, அதுவும் எத்தனை நாளைக்கோ தெரியாது. கடலுக்குப் போக இன்னும் பாஸ் வேண்டும். சொந்த வளவில் மண்வெட்டி போட்டாலும் நாலு பேர் எட்டிப் பார்க்கிற காலத்தில் நீர் எங்களுக்கு மைதானம் கட்டிக் கொடுத்திருக்கிறீர். அதுவும் ஒன்று என்று சொல்லாமல், பல.

ஆனாலும் நான் சளைக்கவில்லை. கூட்டுறவுக் கடைக்கு மனேஜராக இருந்தவன் நான். சண்டைக் காலம் முழுவதும் இல்லாத சீனியை இருக்கிற மாதிரியும், வராத மண்ணெண்ணெயை வருகிற மாதிரியும் காட்டி வரிசையைச் சமாளித்த எனக்கு இல்லாத மைதானம் ஒரு கஷ்டமா? கோல்ஃப் என்றால் என்ன என்று விசாரித்தேன். ஒரு குழி, குழிக்குப் பக்கத்தில் ஒரு கம்பு, கம்பில் ஒரு கொடி, தூரத்தில் நின்று பந்தைத் தடியால் அடித்துக் குழியில் விழுத்த வேண்டும், அவ்வளவுதான். கனடாவில் ஒரு மைதானத்துக்குப் பதினெட்டுக் குழியாம். ஒரு மனுசனுக்கு எதற்கு அத்தனை குழி? ஒரு மைதானத்துக்கு ஒரு குழி போதும் என்று முடிவெடுத்து, மூன்று இடத்தில் மூன்று குழி வெட்டினேன். நமது சிற்றாலயத்துக்குப் பின்னால் உள்ள வெறும் தரை முதலாம் மைதானம். பக்கத்து ஹாஜரா உம்மாவின் தென்னங்காணி இரண்டாம் மைதானம். உடப்பிலிருந்து பருவத்துக்கு வந்து கரையில் மீன் வாடி போட்டிருக்கிற வீரகத்தியின் மணல் மூன்றாம் மைதானம். “தடியால பந்தடிக்கிறதா? அடிக்கட்டும், என்ர வலைய மட்டும் மிதிக்காம” என்று வீரகத்தி சொன்னான். ஹாஜரா உம்மா காது மந்தம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினா.

கொடி தைக்கிற வேலையை றோசாவிடம் கொடுத்தேன். மைதானத்துக்கு ஒரு நிறமாக இருக்கட்டும் என்று மட்டும்தான் சொன்னேன். அவள் பெட்டியைக் கிண்டி ஒன்றுக்கு வெள்ளையும் மஞ்சளும், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு எடுத்தாள். வெறும் துணி வடிவில்லை என்று முதலாவதில் ஒரு சிலுவை, இரண்டாவதில் ஒரு பிறை, மூன்றாவதில் ஒரு சூலம் வைத்துத் தைத்தாள். பிள்ளையின் கைவேலையைச் சம்பந்தி பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நானும் விட்டுவிட்டேன். “கம்பு கொஞ்சம் உயரமா இருக்கட்டும் அப்பா, தூரத்துக்கும் தெரியணும்” என்றாள். அதுவும் நியாயம்தான் என்று பட்டது. மூன்று பாக்கு மரம் தறித்து நட்டேன். இடுப்புப் பிடித்தது அப்போதுதான்.

மச்சான், நீர் கனடாவுக்குப் போய் இதையெல்லாம் மறந்திருப்பீர். நானும் அந்த நேரத்தில் மறந்துபோனேன். இந்தக் கரையில் கம்பு நட்டுக் கொடி ஏற்றினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், திருவிழா தொடங்கிவிட்டது. நம்முடைய ஆட்களுக்கும் அப்படித்தான், கந்தூரிச் சோறு கொடுக்கிற முஸ்லிம் ஆட்களுக்கும் அப்படித்தான், உடப்புச் சைவ ஆட்களுக்கும் அப்படித்தான். ஏறின கொடி விழா முடியாமல் இறங்காது. இறங்கும்வரை ஊரில் யாரும் கலியாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். அடுத்த நாள் காலை மனுவேற்பிள்ளை அண்ணர் வந்து இறங்கும்போது முதலாம் மைதானத்தைச் சுற்றிச் சிலாபத்திலிருந்து வந்த இரண்டு வான், கச்சான் கடலை வண்டி மூன்று, பலூன் விற்கிறவன் ஒருவன். குழிக்குள் மெழுகுதிரி எரிகிறது. பெண்கள் முழங்காலில் நிற்கிறார்கள். எந்தப் புனிதருடைய விழா என்று ஒருவரும் கேட்கவில்லை. கொடி ஏறியிருக்கிறது, யாரோ ஒருவருடையதாக இருக்கும் என்று செபமாலையைத் தொடங்கிவிட்டார்கள்.

அண்ணர் களைத்துப்போய் வந்திருந்தார். வழியில் சோதனைச் சாவடியில் அவருடைய கோல்ஃப் பையைத் திறந்து, அந்த வளைந்த இரும்புத் தடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார்களாம். பந்து அடிக்க என்றிருக்கிறார். ஒரு பந்துக்கு ஏன் இத்தனை தடி என்று கேட்டார்களாம். எனக்கும் அதே சந்தேகம்தான். வந்தவருக்கு ஒரு தம்பிலி இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, “உங்கட பெடியனையும் எங்கட பிள்ளையையும் பற்றி…” என்று கதையை எடுத்தேன். பவுலினா குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு ஓடி வந்தா.

“கொடி ஏறியிருக்கு. கலியாணக் கதை எடுத்தீங்க எண்டா இந்த வீட்டுல சோறு இல்ல.”

“அது கோல்ஃப் கொடி பவுலினா” என்றேன்.

“சிலுவை போட்டிருக்கு. உங்களுக்கு என்ன வேதம் மாறிப்போச்சா?”

சரி, முதலில் விளையாடட்டும் என்று அழைத்துப் போனேன். அண்ணர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு பேர் பாக்க வந்திருக்கினமே” என்று உள்ளபடியே கண் கலங்கினார். கனடாவில் அவர் விளையாடுவதைப் பார்க்க அவருடைய மனைவிகூட வருவதில்லையாம். அந்த உற்சாகத்தில் ஓங்கி அடித்தார். பந்து தென்னை மரத்தில் பட்டு, கச்சான் வண்டியின் தகரத்தில் பட்டு, நேரே போய் மெழுகுதிரியை அணைத்துக்கொண்டு குழிக்குள் விழுந்தது. ஒரே அடியில் குழியில் விழுந்தது அவர் ஆயுசிலேயே இதுதான் முதல் தடவையாம். கூட்டம் தெண்டனிட்டது. அண்ணர் பந்தை எடுக்கக் குனிந்தார். ஒரு கிழவி அவருடைய கையைத் தட்டிவிட்டு, “போட்ட காணிக்கைய எடுக்கப்படாது மகன்” என்றா. பந்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. நேற்று அதற்கு யாரோ மல்லிகை மாலை போட்டிருந்தார்கள், ஆடு தின்றது அதைத்தான். பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார், நான் இன்னும் போகவில்லை.

இரண்டாம் மைதானத்துக்குப் போகிற வழியில் நான் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். றோசா அண்ணருக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். என்னவோ கதைத்துக்கொண்டு வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் கிழவர் சிரிக்கிறார். மருமகளைப் பிடித்துவிட்டது, பாதிக் கலியாணம் முடிந்துவிட்டது என்று அப்போது என் மனம் குளிர்ந்தது. அதை இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

ஹாஜரா உம்மாவின் காணியில் பச்சைக் கொடிக்குக் கீழே கிடாரத்தில் சோறு வெந்துகொண்டிருந்தது. குழி வெட்டின இடத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டியிருக்கிறா. “மனேஜர், கொடியெல்லாம் ஏத்தீட்டீங்க, ஒரு சொல்லுச் சொல்ல இல்லையே. எங்கட வாப்பா மௌத்தானதுக்குப் பொறகு இந்தக் காணில கந்தூரியே இல்ல. நீங்க நல்லா இருக்கணும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. வேறு வேதக்காரன் நினைத்து எடுத்துக் கொடுத்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறா. அந்த முகத்தைப் பார்த்து இது விளையாட்டு மைதானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணர் மட்டும் கடமை தவறாமல் அடித்தார். பந்து கிடாரத்துக்குள் விழுந்தது. உம்மா கரண்டியால் துழாவி அதை எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டு, விருந்தாளி தானே வழி காட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று சொல்லி எங்களைச் சஹன் தட்டைச் சுற்றி உட்காரவைத்தா. அங்கேயும் நான் விடவில்லை, ஆட்டிறைச்சியைச் சம்பந்தி பக்கம் தள்ளிக்கொண்டே மெல்லக் கலியாணக் கதையைத் தொடங்கினேன். அதுமட்டும் உம்மாவுக்குத் துலாம்பரமாகக் கேட்டது. “கந்தூரிச் சோத்துல கைய வெச்சிக்கிட்டு இதென்ன கதை? முடியட்டும்” என்றா.

மூன்றாம் மைதானத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். வீரகத்தி சிவப்புக் கொடியைப் பார்த்திருக்கிறான், அதில் சூலத்தைப் பார்த்திருக்கிறான், கீழே குழியையும் பார்த்திருக்கிறான். “அண்ணை, அம்மன் தீமிதிப்பு வேணும் எண்டு கேக்கிறா. நாங்க மறிக்கேலுமா? குழிதான் கொஞ்சம் சின்னதா வெட்டிப்போட்டீங்க, நாங்க பெருப்பிச்சிட்டோம்” என்றான். பெருப்பித்தது என்றால், மச்சான், ஒரு வள்ளத்தை இறக்கி வைக்கலாம். முழுக்கத் தணல். போதாக்குறைக்கு, சிவப்புக் கொடி கண்ட இடத்தில் கண்ணிவெடி என்று பயந்து புத்தளம் பஸ்காரன் றோட்டிலேயே பஸ்ஸை நிறுத்தியிருக்கிறான். இறங்கின சனம் என்ன என்று பார்க்க வந்து, தீமிதிப்பு என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றுவிட்டது. பஸ்காரனும் நின்றான்.

அண்ணர் அடித்த பந்து தணலின் நடுவில் போய் உட்கார்ந்தது. கோல்ஃப் சட்டப்படி பந்து விழுந்த இடத்தில் நின்றுதான் அடுத்த அடி அடிக்க வேண்டுமாம். அவர் தடியோடு கரையில் நின்று யோசித்தார். வீரகத்தி அவருடைய சப்பாத்தைப் பார்த்து, “ஐயா விரதம் இருந்தவரா? இறைச்சி ஏதும் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டான். சாப்பிட்டது எங்களுக்குத்தானே தெரியும். பந்து உருகி நாறத் தொடங்கியது.

அப்போதுதான் அண்ணருக்குக் கோபம் வந்தது. தடியை மணலில் குத்திவிட்டு, ஊரே கேட்கும்படி, “இதென்ன மைதானம், இதென்ன மரியாதை? உங்கட சம்பந்தமும் வேண்டாம், உங்கட கோல்ஃபும் வேண்டாம்” என்றார். நான் கெஞ்சினேன். பவுலினா அழுதா. அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வான் கதவைத் திறந்து ஏறிவிட்டார். ஏறினவர் மறுபடி இறங்கி, வீரகத்தியிடம் ஒரு பார்சல் கட்டாக் கருவாடு வாங்கிக்கொண்டு, பிறகும் கோபமாக ஏறிப் போனார். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கோபிக்கிற விதம் அப்படித்தான் போலிருக்கிறது.

மச்சான், நீர்தான் இதைச் சரிப்படுத்த வேண்டும். அவர் கனடா வந்து சேர்ந்ததும் போய்ப் பாரும், காலில் விழுந்தாலும் பரவாயில்லை. எனக்கு வயது போகிறது. இந்த ஊரில் நாளைக்குச் சண்டை மறுபடி தொடங்கினால் பிள்ளையை எங்கே கொண்டு ஒளிக்கிறது என்ற பயத்திலேயே இத்தனை வருடமாக நான் சரியாக நித்திரை கொண்டதில்லை. அவள் ஒரு பத்திரமான இடத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். அதற்காகத்தான் கிழட்டு இடுப்போடு குழி வெட்டினேன், வேறு ஒன்றுக்கும் இல்லை.

உமக்கும் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். தாயார் அன்னம்மாள் உங்கள் வாசலையும் எங்கள் வாசலையும் ஒரே கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளும்.

இப்படிக்கு,
மனம் உடைந்த அத்தான்
இன்னாசித்தம்பி

பி.கு.: மாமா, இது றோசா. கடிதத்தை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி அப்பா என்னிடம் தந்தார். கீழே கொஞ்சம் இடம் இருந்தது.

மனுவேற்பிள்ளை ஐயா கோபிக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டபடியால்தான் கோபித்துக்கொண்டு போனார். இரண்டாம் மைதானத்துக்குப் போகும்போது, “பிள்ளை, உமக்கு இதில விருப்பமோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது அவர் ஒருவர்தான். அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, தாய்மாமன் நீங்களும் கேட்கவில்லை. விருப்பமில்லை, இங்கே நான் படிப்பிக்கிற பாலர் பள்ளியில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அப்பாவையும் அம்மாவையும் விட்டுவிட்டுப் பத்திரமாக இருக்க எனக்குத் தெரியாது என்றேன். அவர், தன் மகனிடமும் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார். நான் மறுத்தேன் என்று தெரிந்தால் அப்பா உடைந்துபோவார், அதனால் நீங்கள் மறுத்துவிடுங்கள் என்று கேட்டேன். கருவாட்டைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே நடித்தார். அடுத்த வருடமும் விளையாட வருகிறாராம், ஒரே அடியில் குழி விழுகிற மைதானம் உலகத்தில் வேறெங்கும் இல்லையாம். அவரிடம் மன்னிப்புக் கேட்டுப் போய் நிற்காதீர்கள், மாமா, சிரிப்பார்.

மூன்று கொடிக்கும் துணி நான் தெரிந்துதான் எடுத்தேன். கொடி இறங்கும்வரை கலியாணப் பேச்சு எடுக்க முடியாது என்பது அப்பாவுக்குத்தான் மறந்துபோயிருந்தது. அப்பாவின் பயம் எனக்குத் தெரியும், அதைப் பற்றி அவரோடு நானே இருந்து கதைப்பேன். அதற்குள் நீங்கள் அங்கே வேறு மாப்பிள்ளை ஒன்றும் பார்த்துவிட வேண்டாம். பெட்டியில் நீலத் துணி ஒன்றரை யார் நீளத்துக்கு இருக்கிறது, இன்னொரு கொடிக்குக் காணும்.